குத்தாத திருக்கை

திருகோணமலைக்கு நான் போனது ஒரு மீனுக்காக. கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "கோணேசரைக் கும்பிடவா?" என்று கேட்டபோது ஆமாம் என்று சொல்லிவிட்டேன். திருக்கை மீன் ஒன்றைக் கொண்டுவரப் போகிறேன் என்று தனியாகக் கடல் கடக்கும் ஒரு பெண் சொன்னால், அதற்குப் பிறகு அவளோடு யார் முறுக்கைப் பங்கிட்டுக்கொள்வார்கள்? அந்த அம்மாளின் முறுக்கு நன்றாக இருந்தது. அந்தப் பயணத்தில் மனம் உறுத்தாமல் நான் தின்ற பண்டம் அது ஒன்றுதான்.

அப்போது தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது முப்பத்தாறு. டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஏழு வருடம் ஓடியிருந்தது. என் ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, உன் ஆராய்ச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டுச் சிரிப்பார். கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும்.

அந்த நிலையில் தபாலில் ஒரு பவுடர் டப்பா வந்தது. அனுப்பியவர் பரமேஸ்வரி என்ற பள்ளிக்கூட ஆசிரியை. திருகோணமலை லிங்கநகரில் வீடு. நான் ஒரு பத்திரிகையில் கடல் பிராணிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு வருடமாக எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். டப்பாவுக்குள் மூன்று கறுப்புப் பைகள். உள்ளங்கை அகலம், செருப்புத் தோல்போலத் தடிமன், நான்கு மூலையிலும் வளைந்த கொம்பு. பார்த்த மாத்திரத்தில் புத்தகங்களை இறக்கி வைத்துப் புரட்டத் தொடங்கினேன்.

நமக்குப் பழக்கமான திருக்கைகள் குட்டி போடும். வாலில் விஷமுள் இருக்கும். அவற்றின் பங்காளிகள் என்று சொல்லத்தக்க இன்னொரு கூட்டம் ஆழத்தில் உண்டு. உருவம் திருக்கையேதான். ஆனால் குட்டி போடாமல் இப்படிப் பையில் முட்டையிடும். குத்துகிற முள்ளும் கிடையாது. அந்தக் கூட்டத்தில் நான் படித்த எந்த மீனின் பையும் இந்தப் பைகளோடு ஒத்துப்போகவில்லை.

"பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாய் எங்கே?" என்றார் பேராசிரியர். "முழு மீன் ஒன்று கொண்டு வா. பட்டம் என் பொறுப்பு."

பரமேஸ்வரிக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. வாருங்கள், எங்கள் வீட்டிலேயே தங்கலாம், வரும்போது முடிந்தால் ஒரு டின் பால்மாவும் கொஞ்சம் செத்தல் மிளகாய் வற்றலும் கொண்டு வாருங்கள் என்று. எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் அந்த நாட்டுக்குள் வராத காலம். நான் பால் பவுடர் டின்னை வாங்கித்தான் வைத்தேன். பெட்டி கட்டும்போது, மீனைப் பதப்படுத்தும் ஃபார்மலின் மருந்து போத்தல்களும் ஊசிகளும் கத்திகளும் இடத்தை அடைத்துக்கொண்டன. மிளகாயை மூலையில் திணித்துவிடலாம். டின்னைத் திணிக்க முடியாது. அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மார்கழி மழை. விடிகாலையில் ஊர் சேர வேண்டிய ரயில், தண்டவாளத்தில் வெள்ளம் என்று காட்டுக்குள் நின்றுவிட்டது. எதிரில் இரண்டு சிங்களவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். என் பக்கத்திலிருந்த மூதூர் வியாபாரி, நான் கேட்காமலே மொழிபெயர்த்தார். "அவர் சொல்லுறார், பாண் வரிசையிலை மனிசியை நிப்பாட்டிப்போட்டு வந்தவராம். மற்றவர் சொல்லுறார், தன்ர வீட்டு நாய்கூட மரவள்ளிக் கிழங்கைக் கண்டால் எழும்பிப் போகுதாம்." இருவரும் சிரித்தார்கள். வியாபாரியும் சிரித்தார். பிறகு என்னிடம், "இந்தியாவிலை பாண் தாராளமோ?" என்று கேட்டார். எங்கள் ஊரில் காய்ச்சல்காரர்கள்தான் ரொட்டி தின்பார்கள் என்றேன். நாடு முழுக்கக் காய்ச்சல் வந்தவர்களைப்போல வரிசையில் நிற்பதாக அவர் சொன்னார்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். பரமேஸ்வரி குடையோடு நிலையத்தில் நின்றார். காலையிலிருந்து நின்றிருக்கிறார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், ஒல்லி, வேகமாகப் பேசுவார். கணவருக்குப் புல்மோட்டையில் கனிம மணல் ஆலையில் வேலை. கிழமைக்கு ஒருதரம் வருவாராம். வீட்டுக்குப் போனதும் சமையலறையில் இருந்த நாற்காலியைத் துடைத்து என்னை உட்காரவைத்து, மரவள்ளிக் கிழங்கு அவியலும் வெளுத்த தேங்காய்ச் சம்பலும் வைத்தார். நான் கொண்டுவந்த மிளகாயைக் கண்டதும் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். சம்பலை மறுபடி அம்மியில் வைத்து, இரண்டு மிளகாய் சேர்த்து அரைத்தார். அன்றைக்கு அந்த வீட்டில் பண்டிகைபோல இருந்தது.

"பால்மா கிடைக்கேல்லையோ மிஸ்?"

"இடம் போதவில்லை," என்றேன்.

அவர் என் பெட்டியைப் பார்த்தார். துணி சுற்றிய போத்தல்களைப் பார்த்தார். "பரவாயில்லை. ஒரு ஆளுக்குச் சொல்லியிருந்தனான். நான் கதைச்சுக்கொள்ளுறன்," என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் சல்லிக்குப் போனோம். டவுனுக்கு வடக்கே இருக்கிற மீனவர் ஊர். பைகளைப் பரமேஸ்வரிக்குக் கொடுத்தது அங்கிருந்து லிங்கநகருக்குக் கருவாடு கொண்டுவரும் நாகம்மா என்ற பெண். பஸ் பாதி வழியில் சேற்றில் புதைந்தது. நடத்துநர் ஆண்களை இறங்கித் தள்ளச் சொன்னார். தள்ளியதில் பஸ் இன்னும் கொஞ்சம் புதைந்தது. பிறகு பெண்களையும் இறங்கச் சொன்னார். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் ஓட்டுநரோடு கைகலப்பு நடந்திருக்கும். இங்கே எல்லோரும் ஒன்றும் பேசாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். நாங்களும் நடந்தோம்.

முத்துமாரியம்மன் கோயில்வரை வள்ளங்களை இழுத்து ஏற்றியிருந்தார்கள். மீன் காயவைக்கும் பரண்கள் மழையில் நனைந்து வெறுமையாகக் கிடந்தன. ஆறு நாளாக ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. மீனவர் ஊரில் மீன் வாடை இல்லாமல் இருப்பதை அன்றுதான் கண்டேன்.

நாகம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் ஓட்டைகள் மட்டும் இருந்தன, தோடு இல்லை. கணவர் கணபதிப்பிள்ளை ஒரு மூலையில் தூண்டில் கயிறுகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் மகள் தவமணி, பன்னிரண்டு நாள் குழந்தையோடு. அந்தக் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. உரத்த அழுகை அல்ல, பூனைக்குட்டி சத்தம்போல. நான் பைகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் என் காதிலிருந்து விலகிவிட்டது.

"ஆழத்துத் தூண்டில்லை சில நேரம் கொழுவிக்கொண்டு வரும் பிள்ளை," என்றார் நாகம்மா. "ஆம்பிளையள் எறிஞ்சுபோடுவினம். நான் ஒருக்கா ஒண்டை வெட்டிப் பாத்தனான். உள்ளுக்கு மஞ்சள் கரு. அதிலை ஒட்டிக்கொண்டு நகமளவு திருக்கைக் குஞ்சு. உயிரோட துடிச்சுது."

"அப்புறம்?"

"அடுத்த பையை வெட்டேல்லை. குடத்துக்குள்ளை கடல்தண்ணி விட்டு வைச்சுப் பாத்தனான். காலமையும் பின்னேரமும் தண்ணி மாத்தினனான். வெயிலுக்குப் பிடிச்சால் உள்ளுக்கு வால் ஆடுறது தெரியும். பதினாறாம் நாள் ஆட்டம் நிண்டுபோச்சு. எங்கட தண்ணி அதுக்குச் சூடு போல."

நான் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். கொம்புகளின் நுனியில் நூல்போல ஒன்று இருப்பதையும், அது கல்லைப் பற்றிக்கொள்வதையும், எந்த மாதங்களில் பைகள் அதிகம் வரும் என்பதையும் அவர் சொன்னார். பெரிய மீனையும் இரண்டு தரம் கண்டிருக்கிறார். "குத்தாத திருக்கை. வால்லை சின்னச் சின்ன முள்ளு வரிசையா இருக்கும், விஷம் இல்லை. வயிறும் கறுப்பு." ஏழு வருடம் நூலகத்தில் உட்கார்ந்து எனக்குக் கிடைக்காதது ஒரு காலைப்பொழுதில் கிடைத்தது. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்ததுதான். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைய குறிப்பேட்டில் 'அவள்' என்றுதான் இருக்கிறது.

இங்கே கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனாலே கடல் அடியில்லாமல் இறங்கிவிடுகிறது. எங்கள் தூத்துக்குடியில் ஒரு நாள் ஓடினாலும் அந்த ஆழம் கிடைக்காது. அதனால் ஒரே ஒரு தரம் போய்ப் பார்க்க முடியுமா என்று கணபதிப்பிள்ளையிடம் கேட்டேன்.

"ஏலாது தங்கச்சி. கடல் விடாது."

"எனக்கு நாலு நாள்தான் இருக்கிறது."

அவர் கயிற்றிலிருந்து தலை நிமிர்த்தாமல், "கடலுக்கு அது தெரியாதே," என்றார்.

மூன்றாம் நாள் டவுனில் சும்மா அலைந்தேன். உலகத்துக் கப்பல்களையெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே விடலாம் என்று சொல்லப்படும் துறைமுகத்தில் இரண்டு கப்பல் நின்றது. வெள்ளைக்காரன் கட்டிவைத்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றிக் காடு வளர்ந்திருந்தது. மீன் சந்தையில் மாடுகள் படுத்திருந்தன. பாண் வரிசையில் பரமேஸ்வரிக்காக நின்றேன். என் முறை வந்தபோது கதவை மூடிவிட்டார்கள். எனக்குப் பின்னால் நின்ற, பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்த பெரியவர், "நாளைக்கு வாங்கோ மகள், நாளைக்கு இதைவிட நல்லா மூடுவினம்," என்றார். சிரிப்பு வந்தது. அந்த ஊரில் எல்லோரும் பசியை இப்படித்தான் பேசிக் கடத்தினார்கள்.

அன்று பின்னேரம் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது பரமேஸ்வரி சொன்னார்: "தவமணிக்குப் பால் சுரக்கேல்லை. நாகம்மா அக்காவுக்கு அதுதான் யோசனை. கடையிலை பால்மா இல்லை. திருக்கையோ பால்சுறாவோ கிடைச்சால் மிளகு சீரகம் எண்டு சரக்கரைச்சுக் காய்ச்சிக் குடுக்கலாம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறா."

பால் டின் யாருக்காக என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பரமேஸ்வரி அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. குத்திக்காட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நான்காம் நாள் காலையில் காற்று விழுந்துவிட்டது. நாங்கள் சல்லிக்குப் போய்ச் சேர்ந்தபோது கணபதிப்பிள்ளையும் மருமகனும் ஏற்கெனவே கடலில். ஊரில் வேறு யாரும் வள்ளம் இறக்கவில்லை; தெற்கே மழைக் கருக்கல் கட்டியிருந்தது. நாகம்மா கோயில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பத்து மணிக்கு மேல் மறுபடி காற்று கிளம்பியது. அலை வெள்ளையாகப் புரளத் தொடங்கியது. வேறு பெண்களும் வந்து நின்றார்கள். ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "உவவுக்காகவோ போனவை?" என்று கேட்டாள். நாகம்மா, "இல்லை, எங்கட பிள்ளைக்காக," என்றார்.

உச்சிக்குப் பிறகு வள்ளம் வந்தது. கரையேறும்போது ஒரு அலை அதைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டது. நாலைந்து பேர் இடுப்பளவு தண்ணீரில் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். கணபதிப்பிள்ளையின் இடதுகை தூண்டில் கயிற்றில் அறுபட்டுச் சதை பிளந்திருந்தது. அவர் அதை ஒரு துணியால் சுற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். மருமகன் வள்ளத்துக்குள்ளிருந்து மீன்களை எடுத்துப் போட்டான். இரண்டு சூரை. அதன் பிறகு அது.

சாம்பலும் கறுப்பும் கலந்த உடல். அகலம் ஒரு கைநீளம். வாலில் சின்ன முட்கள் மூன்று வரிசை. மூக்கு கூர்ந்து, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்படி இருந்தது. நான் மண்டியிட்டுத் திருப்பினேன். வயிறு கறுப்பு. நாகம்மா என் பக்கத்தில் குந்தி, வயிற்றில் கையை வைத்து அழுத்தினார். "ரெண்டு பை இருக்குது உள்ளுக்கு," என்றார். என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. கொம்புகூடத் தட்டுப்பட்டது. தாய் கிடைத்துவிட்டாள். நான் அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். மழைத் தூறலும் இருந்தது.

பிறகுதான் நாகம்மாவின் மறுகையில் கத்தியைப் பார்த்தேன். பக்கத்தில் அலுமினியச் சட்டி.

"என்ன செய்யப் போகிறீர்கள்?"

"பிள்ளைக்குக் கறி காய்ச்ச வேணுமல்லோ. சூரை அவளுக்குக் குடுக்க ஏலாது, பிள்ளை பெத்தவளுக்கு அது கிரந்தி, ஒத்துவராது."

"இதை வெட்டக்கூடாது. இதற்காகத்தான் வந்தேன்."

பரமேஸ்வரி என் பின்னால் நின்றார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. நாகம்மா மிகவும் தணிந்த குரலில் சொன்னார்: "ஓம் பிள்ளை, உங்களுக்குத்தான். ஒரு பக்கச் செட்டையை மட்டும் தாங்கோ. மற்றது எல்லாம் நீங்கள் கொண்டுபோங்கோ. தலை, வால், வயிறு, பை எல்லாம். ஒரு செட்டை காணும் எனக்கு."

ஒரு செட்டை. திருக்கையில் தின்கிற சதை எல்லாம் இறக்கைபோல விரிந்த அந்த இரண்டு செட்டையில்தான் இருக்கிறது. ஒன்றைக் கொடுத்திருந்தாலும் மற்றதை அளந்து எழுதியிருக்கலாம். ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை வரையத் தெரியாதவளா நான்? ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் நின்றது பேராசிரியரின் முகம். பாதி மீனையா கொண்டுவந்தாய் என்று அவர் கேட்பதும் கூட இருப்பவர்கள் சிரிப்பதும்.

"முழுசாக வேண்டும்," என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த மீனுக்கும் தாய்ப்பாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லா மீனிலும் இருப்பது ஒரே சத்துதான். அதெல்லாம் நம்பிக்கை," என்று வகுப்பெடுத்தேன். என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது சுறாப்புட்டுக்காகத் துறைமுகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தவள் நான். அக்காவிடம் இந்த விஞ்ஞானத்தைச் சொல்லவில்லை.

"விலை தருகிறேன். கேட்டதைத் தருகிறேன்."

கரையை ஒட்டிய வீட்டுப் பக்கமிருந்து தவமணியின் குரல் வந்தது. அவள் வாசலில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "காசைக் காய்ச்சிக் குடிச்சால் பால் வருமோ எண்டு கேளுங்கோ அம்மா."

"சும்மா இரு," என்றார் நாகம்மா. கத்தியை மணலில் குத்தி வைத்தார். "எடுங்கோ பிள்ளை. கடல் தாண்டி வந்தனீங்கள்." பிறகு கணவரின் கையைப் பார்க்கப் போய்விட்டார்.

மீனைச் சாக்கில் சுற்றி நானே தூக்கினேன். அன்று வழியில் எந்த வாகனமும் புதையவில்லை. பஸ் நேரத்துக்கு வந்தது.

அன்று இரவு தொடங்கி ஐந்தாம் நாள் முழுக்கப் பரமேஸ்வரியின் வீட்டு வளவில் வேலை செய்தேன். மீனுக்கு ஊசி போட்டு, அது விறைப்பதற்கு முன்பே செட்டைகளை மேலே மடித்து, மருந்தில் நனைத்த துணியால் சுற்றி, ஒரு தேயிலைப் பெட்டிக்குள் இறக்கினேன். ஃபார்மலின் நெடி வீடெல்லாம் நிறைந்தது. பரமேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டே இடியப்பம் அவித்தார். எங்கிருந்தோ அரிசி மா வாங்கியிருந்தார். சொதியை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எழுதேக்கை நாகம்மா அக்காவின்ர பேரையும் எழுதுவீங்கள்தானே?"

"கட்டாயம்," என்றேன். "அவர் இல்லாமல் இது இல்லை."

"அதை நான் அவாவிட்டைச் சொல்லட்டோ?"

"சொல்லுங்கள்."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அதன் பிறகு என்னோடு பழையபடி பேசினார். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லப்போவதாகவும், சல்லிப் பெண் ஒருத்தியின் பெயர் உலகத்துப் புத்தகத்தில் வரப்போகிறது என்று சொல்லப்போவதாகவும் சொன்னார்.

ஆறாம் நாள் ரயிலுக்குப் புறப்பட்டு வந்தபோது கடைத்தெருவில் தவமணியின் கணவனைக் கண்டோம். குழந்தைக்கு உடம்பு வற்றிவிட்டது, நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பரமேஸ்வரியைப் பார்த்துச் சொன்னான். ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். போனோம்.

வாசலில் நின்ற காவலாளி என் பெட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "உந்த நாத்தத்தோட உள்ளுக்குப் போக ஏலாது. பெட்டியை வைச்சிட்டுப் போங்கோ."

"இங்கே வைத்தால் பார்த்துக்கொள்வீர்களா?"

"நான் பொறுப்பில்லை."

பரமேஸ்வரி, "நான் நிக்கிறன் மிஸ், நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ," என்றார். நான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. யாராவது தட்டிவிட்டால்? மருந்து ஒழுகினால்? "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் நிற்கிறேன்," என்றேன். அவர் போனார். ஆஸ்பத்திரி வாசலில், இறந்த மீனை இடுப்பில் அணைத்துக்கொண்டு நான் நின்றேன். அவர் திரும்பி வருவதற்குள் நேரமாகிவிட்டது என்று நிலையத்தை நோக்கி நடந்துவிட்டேன். நேரம் ஆகவில்லை. ரயில் புறப்படக் கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பரமேஸ்வரி நிலையத்துக்கு வரவில்லை.

கப்பல் ஏறும் இடத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். துணியை விலக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்றவர் மொழிபெயர்த்தார்: "எங்களிட்டை மிச்சம் இருந்தது மீன் ஒண்டுதான், அதையும் கொண்டுபோகினம் எண்டு சொல்லுறார்."

பேராசிரியர் பெட்டியைத் திறந்தபோது முதல் தடவையாகச் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அறிவியலுக்குப் புதிய மீன்தான் என்று அவர் முடிவு செய்தார். கட்டுரையை நான் எழுதினேன். தலைப்புக்குக் கீழே அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. அதுதான் வழக்கம் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லும் பத்தியில் சல்லியைச் சேர்ந்த நாகம்மா என்று எழுதி, முட்டைப்பைகளைப் பற்றிய தகவல்கள் அவர் தந்தவை என்றும் சேர்த்திருந்தேன்.

"யாரம்மா இது நாகம்மா? எந்தக் கல்லூரி?"

சொன்னேன்.

"குடத்தில் வைத்துப் பார்த்தாளா? இதைப் படித்தால் நம்மை யாராவது மதிப்பார்களா? 'உள்ளூர் மீனவர்கள்' என்று போடு, போதும்." பேனாவைத் திறந்து என் பக்கமாக நீட்டினார்.

அவரே அடித்திருந்தால், அவர் அடித்துவிட்டார் என்று இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருக்கலாம். நான் வாங்கி அடித்தேன். 'உள்ளூர் மீனவர்கள்' என்று மேலே எழுதினேன். நாகம்மா வாழ்நாளில் ஒரு நாளும் வள்ளத்தில் ஏறியவர் இல்லை.

கட்டுரை அச்சாகி வந்ததும் பரமேஸ்வரிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே பக்கம்.

"பிரதி கிடைத்தது. தவமணியின் குழந்தை சுகமாக இருக்கிறாள். வார்டில் அடுத்த கட்டிலில் கிண்ணியாப் பெண் ஒருத்தி, தன் பிள்ளையைப் பறிகொடுத்தவள், இருபது நாள் இவளுக்குப் பால் கொடுத்தாள். இப்போது பிள்ளை தவழுகிறாள். கணபதிப்பிள்ளை அண்ணருக்கு இரண்டு விரல் மடங்காது.

"கட்டுரையை முழுவதும் வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். நாகம்மா அக்கா கருவாடு கொண்டு வந்த இடத்தில் மேசையில் அதைக் கண்டுவிட்டு, 'இதுதானோ அது, என்ர பேர் எங்கை?' என்று கேட்டா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. தலைப்புக்குக் கீழே இரண்டாவதாக இருக்கிற பெயரைக் காட்டி, இதுதான் என்று சொல்லிவிட்டேன். அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தா. 'இங்கிலீசிலை என்ர பேர் இவ்வளவு நீளமோ?' என்று சிரித்தா. அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறா."

கடிதம் அங்கே முடிந்திருந்தது. கையெழுத்து மட்டும், அன்புடன் என்ற சொல் இல்லை.

நான் பதில் எழுதவில்லை. எழுதுவதற்கு நாலைந்து தரம் தாள் எடுத்தேன். தேதியைப் போட்டுவிட்டு நிறுத்தினேன். அடுத்த மாதம் பட்டம் உறுதியாகி, கல்லூரியில் பாராட்டு விழா வைத்தார்கள். பேராசிரியர் தலைமை வகித்தார். ஒரு பெண் தனியாகக் கடல் கடந்து போய் ஆழ்கடல் உயிரைக் கொண்டுவந்த துணிச்சலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். மாணவிகள் கை தட்டினார்கள். மாலை போட வந்தபோது தலையைக் குனிந்து கொடுத்தேன்.